பாதி விலைக்கு ஏர்போர்ட் லவுஞ்ச் பாஸ்... வாசலில் நிற்கும்போதுதான் தெரியும் போலி! ஆன்லைன் ஏலத்தில் நடப்பது என்ன?

அடுத்த விமானத்துக்கு இன்னும் 7 மணி நேரம் இருக்கிறது. கால் வலிக்கிறது, பசிக்கிறது. கையில்தான் லவுஞ்ச் பாஸ் இருக்கிறதே என்று நிம்மதியாக நடந்துபோய் வாசலில் நீட்டினால், ஸ்கேன் செய்து பார்த்த ஊழியர் தலையை ஆட்டுகிறார். "சாரி, இந்த பாஸ் ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டுவிட்டது."

பாஸ் வாங்கியது மூன்று மாதம் முன்பு. வாங்கிய இடம் ஆன்லைன் ஏலத் தளம். விற்றவர் யார், எந்த ஊர் என்று எதுவும் தெரியாது. பின்னால் வரிசையில் நிற்பவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள்.

போலி லவுஞ்ச் பாஸ் வாங்கியவர்களின் கதை பெரும்பாலும் இப்படித்தான் முடிகிறது. பல லட்சம் சுருட்டும் மோசடி இல்லை இது. ஒரு பாஸுக்கு போவது சில ஆயிரம் ரூபாய்தான். ஆனால், அது ஏன் இத்தனை வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது, நஷ்டம் ஏன் எப்போதும் கடைசியாக வாங்கியவர் தலையிலேயே விடிகிறது என்று பார்த்தால், ஆன்லைனில் நாம் நம்பும் பல விஷயங்களின் ஓட்டை புரியும்.

லவுஞ்ச் பாஸுக்கு ஏன் இவ்வளவு கிராக்கி?

லவுஞ்ச் என்பது விமான நிலையத்துக்குள் இருக்கும் தனி ஓய்விடம். சாப்பாடு, சோபா, வைஃபை, சில இடங்களில் குளிக்கும் வசதி என எல்லாம் இருக்கும். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் 1939-ல் நியூயார்க் லகார்டியா விமான நிலையத்தில் திறந்த அட்மிரல்ஸ் கிளப்தான் உலகின் முதல் ஏர்லைன் லவுஞ்ச். ஆரம்பத்தில் அது விஐபிகளுக்கு மட்டும். பிறகு கட்டணம் கட்டினால் உறுப்பினர் ஆகலாம் என்று வந்தது. அடுத்து, ஒருமுறை மட்டும் உள்ளே போக ஒரு பாஸ் என்று வந்தது. ஏலத்துக்கு வருவது இந்தக் கடைசி வகைதான்.

விலை குறைவு இல்லை. யுனைடெட் ஏர்லைன்ஸின் 'யுனைடெட் கிளப்' லவுஞ்சுக்கு ஒருமுறை போக 59 டாலர், அதாவது சுமார் 5,000 ரூபாய். அமெரிக்கன் ஏர்லைன்ஸின் ஒருநாள் பாஸ் 79 டாலர். இரண்டு பேர் போனால் டபுள்.

தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கும் இது தூரத்து விஷயம் கிடையாது. சென்னையில் இருந்து அமெரிக்காவுக்கு நேரடி விமானம் இல்லை. துபாய், தோஹா, பிராங்க்பர்ட், லண்டன் என்று எங்காவது இறங்கி ஏற வேண்டும். பேரக்குழந்தையைப் பார்க்கப் போகும் அப்பா, அம்மா நடுவில் 6 மணி நேரம், 8 மணி நேரம் இரும்பு நாற்காலியில் உட்கார வேண்டாமே என்று, அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகள் ஆன்லைனில் பாஸ் தேடுவது வழக்கம். அதிகாரப்பூர்வ தளத்தில் 59 டாலர், ஏலத் தளத்தில் அதில் பாதி என்றால், எது கண்ணில் படும்?

ஏலத்துக்கு பாஸ் எங்கிருந்து வருது?

ஏலத்துக்கு வரும் எல்லா பாஸும் போலி இல்லை. அதுதான் சிக்கலே.

அமெரிக்காவில் சில கிரெடிட் கார்டுகளுக்கு வருடா வருடம் இலவச லவுஞ்ச் பாஸ் கிடைக்கும். உதாரணத்துக்கு, யுனைடெட் எக்ஸ்ப்ளோரர் கார்டு வைத்திருப்பவருக்கு ஆண்டுக்கு 2 பாஸ். எல்லோரும் பயன்படுத்துவது இல்லை. காலாவதி தேதி நெருங்கும்போது, 'வீணாப் போறதுக்கு வித்துடலாமே' என்று இ-பே போன்ற தளங்களில் போடுகிறார்கள்.

இப்படி விற்கக்கூடாது என்பதுதான் நிறுவனங்களின் விதி. இலவசமாக வந்த பாஸை காசுக்கு விற்றால் அது செல்லாது என்று சொல்லவும், விற்றவரின் மைலேஜ் கணக்கை முடக்கவும் நிறுவனத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால், பாஸ் காகிதமாக இருந்த காலத்தில், யார் யாருக்கு விற்றார் என்று வாசலில் கண்டுபிடிக்க வழியில்லை. கையில் வைத்திருப்பவரே சொந்தக்காரர்.

உண்மையான பாஸ்கள் இப்படி ஒரு சந்தையை உருவாக்கின. பாதி விலை என்பது சகஜமானது. அந்தக் கூட்டத்துக்குள் போலி நுழைந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. 59 டாலர் பாஸை 5 டாலருக்கு விற்றால் உஷாராகிவிடுவோம். ஊரே 30 டாலருக்கு விற்கும்போது போலியும் 30 டாலருக்கு வந்தால்?

போலியில் எத்தனை வகை?

முதல் வகை, அப்பட்டமான நகல். நல்ல பாஸ் ஒன்றை ஸ்கேன் செய்து, கெட்டித் தாளில் கலர் பிரிண்ட் எடுப்பது. வாசலில் ஊழியர் கண்ணால் பார்த்து வாங்கி வைத்துக்கொண்ட காலத்தில் இது எளிதாக எடுபட்டது.

இரண்டாவது வகை இன்னும் மோசம். பாஸ் உண்மை, அதன் எண்ணும் உண்மை. ஆனால் அதே எண்ணை 10 பேருக்கு, 20 பேருக்கு விற்பது. ஒரு பாஸ் 30 டாலர் என்று வைத்துக்கொண்டால் 20 பேரிடம் 600 டாலர். முதலில் போய் நிற்பவர் ஜம்மென்று உள்ளே போய்விடுவார். மீதி 19 பேருக்கும் கதவு மூடிவிடும்.

மூன்றாவது, ஏற்கெனவே பயன்படுத்திய பாஸ் அல்லது காலாவதி தேதி திருத்திய பாஸ்.

நான்காவது, திருட்டு கிரெடிட் கார்டில் வாங்கிய பாஸ். இது விற்கும் நாளில் செல்லும். கார்டுக்குச் சொந்தக்காரர் புகார் கொடுத்ததும் நிறுவனம் ரத்து செய்துவிடும். வாங்கியவருக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை.

பாஸை விற்கிற நேர்மையான ஆட்களும் இதில் மாட்டுவது உண்டு. விளம்பரத்தில் பாஸின் போட்டோவை எண்ணும் கியூஆர் கோடும் தெளிவாகத் தெரியும்படி போட்டால், அதை வேறொருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து தனியாக விற்றுவிடலாம். அப்போது முறைப்படி வாங்கியவர் வாசலில் நிற்பார். பழி, விற்றவர் மேல் விழும்.

அதான் ஸ்டார் ரேட்டிங் இருக்கே?

இங்கேதான் விஷயமே இருக்கிறது.

இ-பே தளம் 1995-ல் தொடங்கியது. முகம் தெரியாத இருவர் எப்படி நம்பி வியாபாரம் செய்வது என்ற கேள்விக்கு, அதன் நிறுவனர் பியர் ஒமிட்யார் 1996-ல் கொண்டு வந்த பதில்தான் 'ஃபீட்பேக்'. வாங்கியவர் விற்றவருக்கு மதிப்பெண் போடலாம். இன்று நாம் ஆட்டோ புக் செய்வதில் இருந்து பிரியாணி ஆர்டர் செய்வது வரை பார்க்கும் ஸ்டார் ரேட்டிங்குக்கு அது ஒரு முன்னோடி.

செருப்புக்கும் செல்போனுக்கும் இந்த முறை நன்றாக வேலை செய்யும். பொருள் வந்ததும் போட்டுப் பார்க்கலாம், ஆன் செய்து பார்க்கலாம். சரியில்லை என்றால் அன்றைக்கே ஒரு ஸ்டார்.

லவுஞ்ச் பாஸை எப்படிச் சோதிப்பது? அதைப் பயன்படுத்திப் பார்த்தால் அதோடு தீர்ந்தது. பயணம் மூன்று மாதம் கழித்து என்றால், சோதனையும் மூன்று மாதம் கழித்துதான். ஆனால் மதிப்பெண் அதற்கு முன்பே போடப்பட்டுவிடும். 'சொன்ன நேரத்துக்கு வந்தது', 'நல்ல விற்பனையாளர்' என்று, கவர் வந்த அன்றே 5 ஸ்டார் போடுபவர்கள் அதிகம். அதாவது, ஏமாந்தவரே ஏமாற்றியவருக்கு நற்சான்றிதழ் கொடுத்துவிடுகிறார். அதை நம்பி அடுத்தவர் வாங்குகிறார்.

கால அளவையும் கவனிக்க வேண்டும். இ-பேயில் ஃபீட்பேக் போட 60 நாள் அவகாசம். பணத்தைத் திரும்பக் கேட்க, பொதுவாகப் பொருள் வந்து சேரும் தேதியில் இருந்து 30 நாள். இந்த இரண்டும் முடிந்த பிறகு பயணம் வைத்திருப்பவர், தன் பாஸ் போலி என்று தெரிந்துகொள்ளும்போது புகார் கவுன்ட்டர் மூடியிருக்கும்.

தியேட்டர் வாசலில் பிளாக்கில் டிக்கெட் வாங்குவதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதுவும் சட்டவிரோதம்தான். ஆனால் டிக்கெட் செல்லுமா, செல்லாதா என்று அடுத்த 5 நிமிடத்தில் கேட்டில் தெரிந்துவிடும். விற்றவரும் அதே தெருவில்தான் நிற்பார், சட்டையைப் பிடிக்கலாம். லவுஞ்ச் பாஸில் விற்பனைக்கும் சோதனைக்கும் நடுவில் மாதங்கள் ஓடிவிடுகின்றன, கடலும் வந்துவிடுகிறது. அந்த இடைவெளிதான் மோசடிக்காரரின் முதலீடு.

பொருளாதார நிபுணர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்து இதே போன்ற ஒரு நிலைமையை விளக்கினார். நல்ல காருக்கும் ஓட்டைக் காருக்கும் வித்தியாசம் வாங்குபவருக்குத் தெரியாது என்றால், அவர் இரண்டுக்கும் நடுவில் ஒரு விலைதான் கொடுப்பார். அந்த விலை நல்ல கார் வைத்திருப்பவருக்குக் கட்டாது. அவர் விலகுவார். கடைசியில் சந்தையில் மிஞ்சுவது ஓட்டைக் கார்கள். இந்தத் துறையில் செய்த ஆய்வுக்காக 2001-ல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்து அளிக்கப்பட்டது. லவுஞ்ச் பாஸ் ஏலத்திலும் அதேதான். போலி பெருகப் பெருக விலை இறங்கும். விலை இறங்க இறங்க உண்மையான பாஸ் வைத்திருப்பவர் 'இந்தக் காசுக்கு விற்பதற்கு நண்பனுக்கே கொடுத்துவிடலாம்' என்று ஒதுங்குவார். எனவே, மற்றவற்றைவிட மலிவாகக் கிடைக்கும் பாஸ், போலியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

வாசலிலேயே கண்டுபிடிக்க முடியாதா?

முடியும். ஆனால் நீண்ட காலம் அதற்கான ஏற்பாடு இல்லை.

பல விமான நிலையங்களில் லவுஞ்சை நடத்துவது விமான நிறுவனம் இல்லை, வேறொரு ஒப்பந்த நிறுவனம். அந்த வாசலில் இருக்கும் கருவிக்கு, விமான நிறுவனத்தின் பயணிகள் பட்டியல் நேரடியாகத் தெரியாது. நீட்டும் கோடில் என்ன எழுதியிருக்கிறதோ அதை அப்படியே நம்பும்.

இந்த ஓட்டையை 2016 ஆகஸ்ட்டில் லாஸ் வேகாஸில் நடந்த 'டெஃப்கான்' மாநாட்டில் மேடை போட்டுக் காட்டினார் பிஷெமெக் யாரோஷெவ்ஸ்கி. அவர் அப்போது போலந்தின் கணினிப் பாதுகாப்பு அவசர உதவிக் குழுவின் தலைவராக இருந்தார். அடிக்கடி பறப்பவர் என்பதால் லவுஞ்சுக்குள் போகும் தகுதி அவருக்கே இருந்தது. ஒருமுறை வார்சா விமான நிலையத்தில் தானியங்கிக் கருவி அவரை உள்ளே விட மறுத்துவிட்டது. அந்தக் கடுப்பில், கருவி எதைத்தான் படிக்கிறது என்று ஆராய ஆரம்பித்தார்.

போர்டிங் பாஸ் கோடுக்கு, ஐஏடிஏ என்ற சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் வகுத்த பொதுவான வடிவம் இருக்கிறது. பெயர், விமான எண், இருக்கை, பயண வகுப்பு எல்லாம் அதில் வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கும். இது திருத்தப்படவில்லை என்று உறுதிசெய்யும் டிஜிட்டல் கையெழுத்து அந்த வடிவத்தில் கட்டாயம் இல்லை. ஆக, சிறிய செல்போன் செயலி ஒன்றாலேயே லவுஞ்ச் கருவி ஏற்கும் கோடை உருவாக்க முடிந்தது. அந்தக் கோடை வைத்து விமானம் ஏற முடியாது. ஏனென்றால் ஏறும் வாசலில் நிறுவனத்தின் பட்டியலோடு ஒப்பிடுவார்கள். லவுஞ்ச் வாசலில் அந்த ஒப்பீடு இல்லை என்பதுதான் வித்தியாசம்.

அதே 2016 ஆகஸ்ட்டில், சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் இதை ஒருவர் நிஜமாகவே செய்துகொண்டிருந்தார். கோலாலம்பூர் விமானத்தைத் தவறவிட்ட 32 வயது மலேசியர் அவர். ஊருக்குப் போகாமல் 18 நாள் விமான நிலையத்துக்குள்ளேயே தங்கினார். இணையத்தில் கிடைத்த போர்டிங் பாஸ் படங்களில் பெயர், விமான எண்ணை மாற்றி, ஒவ்வொரு லவுஞ்சாகப் போய்ச் சாப்பிட்டு, ஓய்வெடுத்தார். செப்டம்பரில் பிடிபட்டார். நீதிமன்றம் 2 வாரம் சிறைத் தண்டனை கொடுத்தது.

18 நாள் கண்டுபிடிக்க முடியவில்லை என்பது ஒரு பக்கம். இலவசச் சாப்பாடுதானே என்று விடாமல், சிறைக்கு அனுப்பினார்கள் என்பது இன்னொரு பக்கம்.

அப்போ, போலி பாஸ் வாங்கியவரையும் பிடிப்பாங்களா?

சாங்கியில் பிடிபட்டவர் தானே போலி தயாரித்தவர். ஏலத்தில் வாங்கியவர் அப்படி இல்லை. ஆனால் வாசலில் நிற்கும்போது, இந்த இருவரையும் பிரித்துப் பார்க்க ஊழியருக்கு வழி இல்லை. போலியை நீட்டிய கை எதுவோ அதுதான் தெரியும்.

இந்தியச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், ஏமாற்றுதல் பிரிவு 318-ல் வருகிறது. ஆவணத்தைப் போலியாகத் தயாரிப்பது பிரிவு 336. போலி என்று தெரிந்தே ஓர் ஆவணத்தை உண்மையானது போல் பயன்படுத்துவது பிரிவு 340. இதில் 'தெரிந்தே' என்ற சொல்தான் முக்கியம். உண்மை என்று நம்பி வாங்கியவர் குற்றவாளி இல்லை.

ஆனால் அதை எங்கே, எப்போது நிரூபிப்பது? விமானம் ஏற 40 நிமிடம் இருக்கும்போது, மொழி தெரியாத நாட்டில், பாதுகாப்பு ஊழியர் முன்னால் நின்று, 'எங்க பையன் ஆன்லைன்ல வாங்கி அனுப்பினான்' என்று ஒரு 65 வயது தாய் எப்படி விளக்குவார்? பெரும்பாலும் பாஸைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். ஆனால் எல்லா இடத்திலும் அப்படியே நடக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. பாதி விலைக்கு வாங்கும்போது மிச்சமாவது 30 டாலர். பணயம் வைப்பது பெற்றோரின் மரியாதையையும், சில நேரம் பயணத்தையும்.

நிறுவனங்கள் என்ன செய்கின்றன?

காகிதத்தைக் கைவிட்டதுதான் பெரிய மாற்றம். யுனைடெட் கார்டுக்கான பாஸ்கள் இப்போது உறுப்பினரின் கணக்கில் டிஜிட்டலாக வந்து விழுகின்றன. வாசலில் பாஸோடு அன்றைய தேதியில் பறப்பதற்கான போர்டிங் பாஸையும் காட்ட வேண்டும். ஒருமுறை ஸ்கேன் ஆன எண் உடனே செல்லாததாகிவிடும் என்பதால், ஒரே எண்ணை 20 பேருக்கு விற்கும் வேலை வாசலில் உடைந்துவிடும். நிறுவனத்துக்கு இதனால் நஷ்டம் குறைகிறது. ஆனால் அந்த 19 பேரின் நஷ்டம் அப்படியேதான் இருக்கிறது. நிறுவனம் தன் கதவைப் பூட்டிக்கொண்டது. ஏலத் தளத்தில் நடப்பதை அது பூட்ட முடியாது.

இன்னொரு பக்கம், லவுஞ்ச்களில் கூட்டம் தாங்கவில்லை. டெல்டா ஏர்லைன்ஸ் தன் ஸ்கை கிளப்புக்கு ஒருமுறை பாஸ் விற்பதையே நிறுத்திவிட்டது. 2025 பிப்ரவரி முதல், அமெக்ஸ் பிளாட்டினம் போன்ற விலை உயர்ந்த கார்டு வைத்திருப்பவர்களுக்கே பொதுவாக ஆண்டுக்கு 10 முறை என்று கட்டுப்பாடு கொண்டு வந்தது. நேர் வழி குறுகக் குறுக, குறுக்கு வழிக்குக் கிராக்கி கூடும்.

இதில் ஓசையில்லாமல் அடிபடுவது, வியாபாரமே செய்யாத சாதாரண ஆட்கள். காகிதப் பாஸ் காலத்தில், 'எனக்கு வேண்டாம், நீ வெச்சுக்கோ' என்று தங்கைக்கோ நண்பருக்கோ கையில் கொடுத்துவிடலாம். பாஸ் பெயரோடும் கணக்கோடும் கட்டப்பட்ட பிறகு, அது பல நிறுவனங்களில் கடினமாகிவிட்டது.

இந்தியாவில் நிலைமை என்ன?

நம் ஊரில் லவுஞ்ச் பாஸ் என்றால் பெரும்பாலும் கார்டுதான். வாசலில் கார்டைத் தேய்த்தால் 2 ரூபாய் போன்ற சிறு தொகை கழியும், உள்ளே போகலாம். இ-பேயும் 2018-ல் இந்தியத் தளத்தை மூடிவிட்டது. அதனால் காகிதப் பாஸ் ஏலம் இங்கே பெரிதாக இல்லை. ஆனால் மோசடி வேறு வேஷத்தில் வந்தது.

2024-ல் வங்கிகள் இலவச லவுஞ்சுக்கு நிபந்தனை போட ஆரம்பித்தன. உதாரணத்துக்கு, ஐசிஐசிஐ வங்கி 2024 ஏப்ரல் 1 முதல், முந்தைய காலாண்டில் 35,000 ரூபாய் செலவு செய்திருந்தால்தான் பல கார்டுகளில் லவுஞ்ச் வசதி என்றது. நேற்று வரை உள்ளே போனவர்கள் இன்று வாசலில் நின்று போனில் வழி தேடும் நிலை உருவானது.

அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில், பெங்களூரு விமான நிலையத்தில் தனக்கு நடந்ததாக ஒரு பெண் பயணி வெளியிட்ட வீடியோ வைரலானது. கார்டைக் கையில் எடுத்து வராத அவர், லவுஞ்சுக்காக 'லவுஞ்ச் பாஸ்' என்ற செயலியைப் பதிவிறக்கினார். கடைசியில் லவுஞ்சுக்குப் போகவே இல்லை, காபி குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். சில வாரம் கழித்துப் பார்த்தால், அவருக்கு வரும் போன் அழைப்புகள் வேறு யாருக்கோ போய்க்கொண்டிருந்தன. கிரெடிட் கார்டில் இருந்து 87,125 ரூபாய் போயிருந்தது.

பெங்களூருவைச் சேர்ந்த கிளவுட்செக் என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனம் அந்தச் செயலியை ஆராய்ந்தது. போனுக்கு வரும் எஸ்எம்எஸ்களைத் திருடி மோசடிக்காரருக்கு அனுப்புவதுதான் அதன் வேலை. ஓடிபி வந்தால் அதுவும் போய்விடும். 2024 ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதத்தில் மட்டும் சுமார் 450 பயணிகள் இதை நிறுவியதாகவும், 9 லட்சம் ரூபாய்க்கு மேல் திருடப்பட்டதாகவும் அந்த நிறுவனம் தெரிவித்தது.

அமெரிக்க ஏலத்தில் போலி பாஸ் வாங்கியவர் 30 டாலரோடு தப்பித்தார். இங்கே பாஸ் என்ற பெயரில் போனுக்குள் வந்தது, வங்கிக் கணக்கையே குறிவைத்தது. இரண்டிலும் தூண்டில் ஒன்றுதான். கதவு எதிரே இருக்கிறது, உள்ளே போக யாரோ சுலபமான வழி காட்டுகிறார்கள், யோசிக்க நேரம் இல்லை.

வாங்கும் முன் என்ன பார்க்கணும்?

* அதிகாரப்பூர்வ விலையை முதலில் பாருங்கள். விமான நிறுவனத்தின் தளம், லவுஞ்சின் சொந்தத் தளம், பிரியாரிட்டி பாஸ் போன்ற முறையான சேவைகள் ஆகியவற்றில் நேரடியாக வாங்கலாம். பல லவுஞ்ச்களில் வாசலிலேயே காசு கொடுத்தும் போகலாம்.

* விற்க அனுமதி இல்லாத பாஸ் என்றால், அது உண்மையாக இருந்தாலும் வாசலில் மறுக்கப்படலாம். போலி இல்லை என்பது மட்டும் போதாது.

* ஏலத் தளத்தில் விற்பவரின் மொத்த ஸ்டார்களைப் பார்க்காதீர்கள். 'லவுஞ்சுக்குள் போனேன்' என்று பயன்படுத்திய பிறகு எழுதிய விமர்சனம் இருக்கிறதா என்று தேடுங்கள். அப்போதும், அவர்கள் முதலில் போன ஆட்களாக இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம்.

* வெறும் ஸ்கிரீன்ஷாட்டாக, கியூஆர் கோடு படமாக வாட்ஸ்அப்பில் வரும் பாஸை வாங்க வேண்டாம். அதே படம் எத்தனை பேரிடம் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது.

* லவுஞ்ச் செயலி எதுவானாலும் பிளே ஸ்டோர், ஆப் ஸ்டோரில் மட்டும் எடுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் லிங்க்கை தொட வேண்டாம். எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். லவுஞ்சுக்குள் போக உங்கள் எஸ்எம்எஸ் எதற்கு?

* உங்கள் பாஸ், போர்டிங் பாஸ் படத்தை சமூக வலைதளத்தில் போடாதீர்கள். கோடும் பிஎன்ஆர் எண்ணும் மற்றவர் கையில் கிடைத்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

ஏற்கெனவே வாங்கியாச்சா?

பயண நாள் வரை காத்திருக்க வேண்டாம். பாஸ் எண்ணைச் சொல்லி விமான நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் இப்போதே கேளுங்கள். செல்லாது என்றால் ஏலத் தளத்தின் அவகாசம் முடிவதற்குள் புகார் கொடுங்கள். அந்த நாள் தாண்டிவிட்டால், கார்டில் பணம் கட்டியிருந்தால் வங்கியிடம் 'சார்ஜ்பேக்' கேட்கலாம். இதற்கு பொதுவாக 120 நாள் வரை அவகாசம் உண்டு, வங்கியைப் பொறுத்து மாறும். சந்தேகம் வந்த பாஸை 'போய்த்தான் பார்ப்போமே' என்று வாசலில் நீட்டாதீர்கள். தெரிந்தே நீட்டினால் சட்டத்தின் பார்வையே மாறிவிடும்.

இந்தியாவில் பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்கலாம். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யலாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு அதிகம்.

அப்பா, அம்மாவுக்காக வாங்குபவர்கள் இன்னொன்றையும் யோசிக்கலாம். பாஸ் செல்லவில்லை என்றால், அந்த வாசலில் பதில் சொல்ல நீங்கள் இருக்க மாட்டீர்கள். முழு விலை கொடுத்து, அவர்கள் பெயரிலேயே, லவுஞ்சின் சொந்தத் தளத்தில் முன்பதிவு செய்து, அந்த ரசீதைப் பிரிண்ட் எடுத்து பாஸ்போர்ட்டோடு வைத்து அனுப்புங்கள். 2,500 ரூபாய் கூடுதலாகும். அவர்களை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்க மாட்டார்கள்.